மாதவிலக்கு தள்ளிப்போகிறதா? ஊர் ஊராய் இந்தியச் சமையலில் 14 ஆச்சரியங்கள்... தெரியுமா?

குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் 100-க்கு 10 முதல் 13 பேருக்கு பிசிஓஎஸ் எனும் சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு இருப்பதாகச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களில் 70 சதவீதம் பேர் வரை, அது தங்களுக்கு இருப்பதே தெரியாமல் நடமாடுகிறார்களாம்! தப்பித் தப்பி வரும் விலக்கு, மோவாயில் முளைக்கும் முடி, அடங்காத முகப்பரு, கழுத்தில் படரும் கருமை... எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றே. அடியோடு குணமாக்கும் மருந்து இன்னும் வரவில்லை. ஆனால் கட்டுக்குள் வைக்கலாம். பீகார் முதல் திருநெல்வேலி வரை அடுக்களைகள் அதற்கு எப்படியெல்லாம் கைகொடுக்கின்றன தெரியுமா?

1. ஸ்கேனில் தெரிபவை கட்டிகளே அல்ல!

நீர்க்கட்டி என்றதும் பலருக்கு வயிறு கலங்கும். ஆனால் ஸ்கேன் படத்தில் முத்துச்சரம் போல வரிசைகட்டி நிற்பவை, பாதி வளர்ச்சியில் நின்றுபோன கருமுட்டைப் பைகள்! 1935-ல் சிகாகோ மருத்துவர்கள் ஸ்டீனும் லெவந்தாலும் 7 பெண்களைப் பரிசோதித்து இந்தக் கோளாறை விவரித்தபோது, அவர்கள் கவனம் முழுக்கச் சினைப்பை மேல்தான் இருந்தது. இன்சுலினுக்கும் இதில் பெரிய பங்கு உண்டென்பது 1980களில்தான் துலங்கியது. இன்சுலின் சொல்வதை உடல் சரியாகக் கேட்காவிட்டால், கணையம் இன்னும் இன்னும் சுரந்து தள்ளுகிறது. மிஞ்சிப்போன அந்த இன்சுலின், சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனான ஆண்ட்ரோஜனைக் கூட்டுகிறது. முட்டை முதிராமல் நின்றுவிடுகிறது. ஆக, ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றாத உணவு எதுவோ, அதுவே சினைப்பைக்கும் நல்லது!

2. பீகாரில் வெயிலுக்குக் குடிப்பது கடலை மாவு!

வறுத்த கொண்டைக்கடலையை அரைத்தால் 'சத்தூ'. அதைத் தண்ணீரில் கரைத்து, எலுமிச்சை, உப்பு, வறுத்த சீரகம், வெங்காயம், பச்சைமிளகாய் போட்டு ஒரே மடக்காகக் குடிக்கிறார்கள் பாட்னா தெருக்களில். சர்க்கரை ஒரு சிட்டிகைகூட இல்லை! மாவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம். காலையில் டீயும் பிஸ்கட்டுமாக ஓடுகிறவர்களுக்கு இதைவிட எளிய மாற்று ஏது?

3. களியும் கஞ்சியும் ஒன்றல்ல!

எடைக்கு எடை பார்த்தால் பாலைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு கால்சியம் கேழ்வரகில்! ஆனால் நைசாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சி, வெல்லமும் கலந்தால், அதே கேழ்வரகு சர்க்கரையை வேகமாக ஏற்றிவிடும். கர்நாடகக் கிராமங்களில் களி உருண்டையை ஒருபோதும் தனியாக வைப்பதில்லை. பருப்பும் கீரையும் வேகவைத்த சாற்றில் முக்கி, மெல்லாமலே விழுங்குகிறார்கள். பக்கத்தில் இருக்கும் அந்தப் பருப்பும் கீரையும்தான் பாதி வேலையைச் செய்கின்றன!

4. ராஜஸ்தானிலும் கம்மங்கூழ் உண்டு!

அங்கே பெயர் 'ராப்'. கம்பு மாவை மோரில் கரைத்துப் புளிக்கவைத்துக் காய்ச்சுவது. தார் பாலைவனத்துக்கும் நம் மாரியம்மன் கோயில் கூழுக்கும் என்ன பொருத்தம் பாருங்கள்! கம்பில் இரும்புச் சத்தும் நார்ச்சத்தும் தாராளம். ஒரே ஒரு எச்சரிக்கை: தைராய்டு குறைபாடும் சேர்ந்திருந்தால் தினமும் கம்பே வேண்டாம், தானியத்தை மாற்றி மாற்றிச் சாப்பிடுங்கள்.

5. இமயமலையிலும் கொள்ளுக் குழம்பு!

'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்பது நம் பழமொழி. உத்தராகண்டில் கொள்ளுக்கு 'கஹத்' என்று பெயர். ஊறவைத்து அரைத்து 'பாணு' என்ற குழம்பாக்கிக் குளிருக்குச் சுடச்சுடச் சாப்பிடுகிறார்கள். கொங்கு நாட்டில் கொள்ளுப் பருப்பு, கொள்ளு ரசம்! எடை கூடியிருப்பவர்கள் 5 சதவீதம் குறைத்தாலே விலக்கு சீராகத் தொடங்க வாய்ப்புண்டு. ஆனால் ஒல்லியான பெண்களுக்கும் பிசிஓஎஸ் வரும் என்பது தெரியுமா? பழமொழியில் உள்ள இரண்டு பேருமே கவனமாக இருக்க வேண்டும்!

6. பழைய சோற்றுக்கு ஒரு தினமே உண்டு!

ஒடிசாவில் மார்ச் 20 'பக்காளா' தினம். நம் பழைய சோறேதான்! சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி இறுகி, குடல் எளிதில் செரிக்க முடியாத வடிவத்துக்கு மாறுகிறது. அதைக் குடல் நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்கின்றன. அதற்காகச் சட்டி நிறையச் சாப்பிட்டால் கணக்கு தலைகீழாகிவிடும். ஒடியா வீடுகளில் கூடவே வைக்கும் வதக்கிய கீரையையும் மறந்துவிடாதீர்கள்.

7. வங்காளிகள் கசப்பை முதலில் சாப்பிடுகிறார்கள்!

முறையான வங்காளச் சாப்பாடு தொடங்குவதே 'சுக்தோ'வில்தான். பாகற்காயோடு வாழைக்காய், முருங்கைக்காய் எல்லாம் சேர்ந்த கசப்புக் கூட்டு அது. பிறகு பருப்பு, மீன். இனிப்பு கடைசியில்! 2015-ல் நியூயார்க்கில் நீரிழிவுள்ள 11 பேரை வைத்து ஒரு சிறு ஆய்வு நடந்தது. காய்கறியையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டு ரொட்டியைக் கடைசியில் சாப்பிட்டபோது, அதே சாப்பாட்டுக்கு ரத்தச் சர்க்கரை கணிசமாகக் குறைவாகவே ஏறியது. உணவை மாற்றவில்லை, வரிசையை மட்டும் மாற்றினார்கள்! வங்காளிகள் சுக்தோவையும் சோற்றில் பிசைந்துதான் சாப்பிடுவார்கள். நீங்கள் ஒரு கிண்ணம் பொரியலைச் சாப்பிட்டு முடித்த பிறகு சோற்றில் கை வையுங்கள்.

8. மருந்துக்கடைப் பொருள் விரத மாவில் இருக்கிறது!

பிசிஓஎஸ் பெண்களுக்கு இனோசிட்டால் பொடியை எழுதிக்கொடுக்கும் மருத்துவர்கள் உண்டு. அதில் 'டி-கைரோ' என்ற வகை இயற்கையாக நிறைந்திருப்பது எதில் தெரியுமா? வட இந்தியர்கள் நவராத்திரி விரதத்தில் சாப்பிடும் 'குட்டு' (பக்வீட்) மாவில்! இமயச் சரிவுகளில் விளையும் இது கோதுமைக்கு உறவே இல்லை. தானியப் புல்லினமும் இல்லை. இரண்டு ரொட்டி தின்றால் பொடியின் அளவு கிடைத்துவிடாது என்பது உண்மை. எண்ணெயில் பூரியாகப் பொரித்துத் தள்ளினால் இருக்கிற நன்மையும் போச்சு!

9. ஆளிவிதை வெளிநாட்டுச் சரக்கல்ல!

சூப்பர் மார்க்கெட்டில் பளபளக்கும் பாக்கெட்டில் பார்த்து ஏமாறாதீர்கள். வட கர்நாடகத்தில் சோள ரொட்டிக்கு ஆளிவிதைப் பொடியும், மகாராஷ்டிரத்தில் 'ஜவஸ்' சட்னியும் அன்றாட விஷயம். ஒமேகா-3 வகைக் கொழுப்பும், 'லிக்னான்' என்ற தாவரச் சத்தும் இதில் ஏராளம். முழு விதையாக விழுங்கினால் அப்படியே வெளியேறிவிடும். வறுத்துப் பொடித்தால்தான் பலன்!

10. புதினா டீ ஆண் ஹார்மோனை அசைத்தது!

2010-ல் வெளியான பிரிட்டன் ஆய்வு இது. பிசிஓஎஸ் உள்ள 42 பெண்களில் ஒரு பிரிவினர் தினம் இரு வேளை, 30 நாள், நம் சட்னிப் புதினா இனத்து இலையில் போட்ட டீயைக் குடித்தார்கள். ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் குறைந்தது! ஆனால் மோவாய் முடி? அளந்து பார்த்தபோது அந்த 30 நாளில் மாற்றமில்லை. முடி வளரும் வேகத்துக்கு ஒரு மாதம் எம்மாத்திரம்!

11. வெந்தயம் போகாத மாநிலமே இல்லை!

குஜராத்தில் வெந்தயக்கீரை தேப்லா, ராஜஸ்தானில் வெந்தயத்தையே காயாக்கிய 'தானா மேத்தி', வங்காளத்தின் ஐந்து வகைத் தாளிப்பு, கேரளத்தின் கர்க்கடக மாத உலுவாக் கஞ்சி! ஊறினால் வழவழக்கிறதே, அந்த நார்தான் குடலில் சர்க்கரை உறிஞ்சப்படும் வேகத்தைத் தணிக்கிறது. சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் கரண்டி கரண்டியாக விழுங்க வேண்டாம்.

12. நெல்லையின் உளுந்தஞ்சோறு!

தோலோடு கறுப்பு உளுந்து, அரிசி, பூண்டு, வெந்தயம், தேங்காய். தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல்! வயதுக்கு வந்த பெண்ணுக்கு இடுப்பு பலப்பட வேண்டுமென்று ஆக்கிப்போடும் சோறு. தானியமும் பயறும் சேர்ந்து புரதத்தை முழுமையாக்குகின்றன. இதன் அக்காவான உளுந்தங்களியில் மட்டும் கருப்பட்டி அளவைக் கவனியுங்கள். கருப்பட்டியானாலும் நாட்டுச்சர்க்கரையானாலும் தேனானாலும், இன்சுலினுக்கு எல்லாமே இனிப்புதான்!

13. மெட்ஃபார்மினுக்கு மூலமும் ஒரு செடிதான்!

பிசிஓஎஸ்ஸுக்குப் பரவலாகத் தரப்படும் மாத்திரை இது. ஐரோப்பாவின் 'கலேகா' என்ற செடியிலிருந்த வேதிப்பொருளை ஒட்டி ஆய்வகத்தில் உருவானது. 1957-ல் பிரெஞ்சு மருத்துவர் ஜான் ஸ்டெர்ன் நீரிழிவுக்கு இதைப் பயன்படுத்திய முடிவுகளை வெளியிட்டார். அந்தச் செடி என்ன குடும்பம் தெரியுமா? வெந்தயமும் கொள்ளும் உளுந்தும் இருக்கும் அதே அவரைக் குடும்பம்! நீண்டநாள் சாப்பிட்டால் உடலில் பி12 குறையலாம். தயிர், முட்டை, மீன் அதை ஈடுகட்ட உதவும். மூன்று மாதத்துக்கு மேல் விலக்கு வராவிட்டால் எந்தக் கஞ்சியையும் நம்பிக் காத்திருக்காதீர்கள். கருப்பையின் உட்சுவர் தடித்துக்கொண்டே போகும். மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

14. இதற்கென்று தனி டயட் கிடையவே கிடையாது!

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஆச்சரியம்! 2023-ல் வந்த சர்வதேச வழிகாட்டி, பிசிஓஎஸ்ஸுக்கு ஒரு உணவுமுறையைவிட இன்னொன்று மேல் என்று சொல்லச் சான்றில்லை என்கிறது. சமச்சீரான உணவு, வாரம் 150 நிமிடமாவது உடற்பயிற்சி, அதை விடாமல் தொடர்வது, இவைதான் முக்கியம். விடாமல் தொடர முடிகிற சாப்பாடு எது? நாக்குக்குப் பழகிய, மளிகைக்கடையில் கிடைக்கிற, வீட்டில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுகிற சாப்பாடுதானே! அவகாடோவும் கினோவாவும் வாங்கக் கடன்பட வேண்டியதில்லை. சரி, இன்று ராத்திரி ஊறப்போடப் போவது எது? கொள்ளா, கொண்டைக்கடலையா, கறுப்பு உளுந்தா?