ஆற்றலைக் கூட்டுமுன் எரிபொருளைக் கூட்டுக

முன்னுரை

மனிதன் தான் படைத்த பொறி எதனையும் படைத்த அளவிலேயே விட்டுவைப்பதில்லை. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த காரை வாங்கி, அதன் எஞ்சினை மாற்றியமைத்து, மேலும் விரைவாக ஓடச் செய்யும் வேட்கை ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தனியொரு கலையாகவே வளர்ந்துள்ளது. இவ்வேட்கை கொண்டோர் முதலில் நாடுவது டர்போ சார்ஜர் என்னும் காற்றழுத்தியையே ஆகும். கண்ணைக் கவரும் கருவியும் அதுவே. ஆயின் அவ்வெஞ்சின் நிலைத்து உழைக்குமா, நொடிப்பொழுதில் உடையுமா என்பதை முடிவு செய்வது, கண்ணுக்குப் புலப்படாமல் காரின் அடியில் ஓடும் எரிபொருள் வழியே எனலாம். டொயோட்டா நிறுவனத்தின் சுப்ரா என்னும் ஸ்போர்ட்ஸ் காரைச் சான்றாகக் கொண்டு இவ்வுண்மையை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

ஒரே எஞ்சின், இரண்டு அளவுகள்

1993ஆம் ஆண்டில் வெளிவந்த சுப்ராவின் டர்போ வகையில் 2ஜேஇசட்-ஜிடிஇ என்னும் எஞ்சின் இடம்பெற்றது. ஒரே வரிசையில் 6 சிலிண்டர்கள், 2997 கன சென்டிமீட்டர் கொள்ளளவு, இரண்டு டர்போ சார்ஜர்கள், வார்ப்பிரும்பாலான உடற்பகுதி ஆகியன அதன் இயல்புகள். ஜப்பானில் அதன் ஆற்றல் 280 குதிரைத்திறன் என அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவில் விற்கப்பட்ட காருக்கோ 320 குதிரைத்திறன்.

இங்கு நாம் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் கருவியை இன்ஜெக்டர் என்பர். நாம் தெளிப்பான் எனக் குறிப்போம். ஜப்பானியக் காரில் இருந்த தெளிப்பான் ஒன்று நிமிடத்திற்கு 440 கன சென்டிமீட்டர் பெட்ரோலைத் தர வல்லது. அமெரிக்கக் காரில் இருந்ததோ 550 தர வல்லது. ஆற்றலைக் கூட்டியபோது எரிபொருள் வழியையும் அகலப்படுத்தியது அந்நிறுவனம். மாற்றியமைப்போர் கற்க வேண்டிய முதற்பாடம் இதுவே.

காற்று மிகுந்தால் நேர்வது

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். டர்போ எஞ்சின் முழுவிசையுடன் இயங்கும்போது இவ்விகிதம் 12க்கு அருகிலோ அதற்குச் சற்றுக் கீழோ இருக்குமாறு பெட்ரோலை மிகுதியாகத் தருவது வழக்கம். மிகுதியான பெட்ரோல் ஆவியாகும்போது வெப்பத்தை ஈர்த்துக்கொள்கிறது. அதனால் சிலிண்டரின் உட்புறம் குளிர்கிறது. ஆகவே அங்குப் பெட்ரோல் எரிபொருளாக மட்டுமன்றிக் குளிர்விப்பானாகவும் பணி செய்கிறது.

பெரிய டர்போவைப் பொருத்தினால் காற்று மிகும். பெட்ரோல் பழைய அளவிலேயே நின்றால் கலவை வறளும், வெப்பம் ஏறும். தீப்பொறியிலிருந்து பரவும் தழல் சென்று சேருமுன்பே எஞ்சியுள்ள கலவை தானே வெடிக்கும். இதனையே எஞ்சின் தட்டல் என்கின்றனர். அவ்வதிர்ச்சியால் பிஸ்டனின் வளையப் பகுதி உடையலாம். அதன் தலை உருகி ஓட்டை விழலாம். இவை நிகழச் சில நொடிகளே போதும். மெதுவாக ஓடும்போது எக்குறையும் தெரியாத கார், முழுவிசையில் செல்லும்போது மட்டும் உடைவதன் காரணம் இதுவே.

கணக்கிட்டுப் பார்ப்போம்

எவ்வளவு பெட்ரோல் தேவை என்பதைத் துணிவது கடினமன்று. டர்போ எஞ்சின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 270 கிராம் பெட்ரோலை உட்கொள்ளும் எனக் கொள்வது பொறியாளர் வழக்கம். 600 குதிரைத்திறனை நாடுவோர்க்கு மணிக்கு 162 கிலோ தேவை. அஃதாவது சுமார் 219 லிட்டர். நிமிடக் கணக்கில் இது 3650 கன சென்டிமீட்டர். 6 தெளிப்பான்களுக்கும் பகிர்ந்தால் ஒன்றுக்குச் சுமார் 608 வரும்.

இத்துடன் கணக்கு முடிவதில்லை. நிமிடத்திற்கு 7000 சுற்று வேகத்தில் ஒரு சிலிண்டரின் செயற்சுழற்சி முழுவதும் ஒரு நொடியின் ஆயிரத்தில் 17 பங்கிற்குள் முடிந்துவிடுகிறது. அக்காலம் முழுவதும் தெளிப்பான் திறந்தே கிடந்தால் அளவைக் கட்டுப்படுத்த இயலாது. ஆகையால் 100க்கு 85 பங்கு நேரத்திற்கு மேல் திறந்திராதவாறு தெளிப்பானைத் தேர்வர். இதன்படி ஒவ்வொன்றும் ஏறத்தாழ 715 கன சென்டிமீட்டர் தர வல்லதாய் இருத்தல் வேண்டும். இதே கணக்கால் நோக்கின், 440 அளவுள்ள தெளிப்பான்கள் சுமார் 370 குதிரைத்திறனுக்கும், 550 அளவுள்ளவை சுமார் 460 குதிரைத்திறனுக்கும் மட்டுமே ஈடுகொடுக்கும் என்பது விளங்கும்.

பெட்ரோலின் அழுத்தத்தை உயர்த்திப் பழைய தெளிப்பானையே பயன்படுத்தலாகாதா எனின், அதற்கும் எல்லை உண்டு. பாயும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தையே பின்பற்றும். 3 பார் அழுத்தத்தை 4 பார் ஆக்கினால் அளவு 100க்கு 15 பங்கே கூடும். இருமடங்கு பாய வேண்டுமாயின் அழுத்தம் நான்கு மடங்காக வேண்டும்.

தொட்டி முதல் தெளிப்பான் வரை

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பது நம் பழமொழி. ஏரி நிறைந்திருப்பினும் வாய்க்கால் தூர்ந்திருந்தால் கடைமடை காயும் என்பதை உழவர் அறிவர். எரிபொருள் வழியும் அத்தகையதே.

தொட்டியினுள் உள்ள பம்பையே முதலில் நோக்குவோம். மணிக்கு 255 லிட்டர் தரும் எனப் பெயர்பெற்ற பம்பு, மேற்கண்ட 219 லிட்டருக்குப் போதும் எனத் தோன்றும். ஆனால் பம்பு தரும் அளவு, எதிர்நிற்கும் அழுத்தம் கூடக்கூடக் குறையும். டர்போ 1.5 பார் அழுத்தத்தில் காற்றைத் தள்ளும்போது, அடிப்படை அழுத்தமாகிய 3 பாருடன் அதனையும் சேர்த்து 4.5 பார் அழுத்தத்தில் பம்பு உழைக்க வேண்டும். அவ்வழுத்தத்தில் அது என்ன தரும் என்பதைத் தயாரிப்பாளரின் வரைபடத்தில் கண்ட பின்னரே வாங்குதல் அறிவுடைமை. ஒன்று போதாதாயின் இரண்டு பம்புகளைப் பொருத்துவர்.

பம்பிற்குச் செல்லும் மின்கம்பியும் கருதத்தக்கது. பழைய மெல்லிய கம்பியில் மின்னழுத்தம் குறைந்தால் பம்பின் வேகமும் குறையும். எனவே மின்கலத்திலிருந்து தடித்த கம்பியை ரிலே வழியாக நேரே கொண்டுவருவர். வளைவுகளில் விரைந்து திரும்பும்போது தொட்டியிலுள்ள பெட்ரோல் ஒருபுறம் ஒதுங்கி, பம்பு காற்றை உறிஞ்ச நேரிடும். பந்தயத் தடத்தில் ஓடும் கார்களுக்குச் சிறு துணைத்தொட்டி வைப்பது இதனைத் தவிர்க்கவே.

அடுத்து வடிகட்டி, குழாய்கள், அழுத்தச் சீராக்கி ஆகியன வரும். சீராக்கி, எஞ்சினுக்குள் செல்லும் காற்றின் அழுத்தத்தை ஒரு சிறு குழாயால் அறிந்து, பெட்ரோலின் அழுத்தத்தையும் அதே அளவு உயர்த்த வேண்டும். அச்சிறு குழாய் கழன்றுவிட்டால், 1.5 பார் காற்று எதிர்க்கும் வேளையில் பாயும் பெட்ரோல் 10இல் 7 பங்காகக் குறையும். ஒரு சாண் ரப்பர்க் குழாயால் ஓர் எஞ்சினையே இழக்க நேரும்.

கணினிக்கு உணர்த்துதல்

பெரிய தெளிப்பானைப் பொருத்திவிட்டு எஞ்சினின் கணினிக்கு அதனை உணர்த்தாவிடில், அது பழைய கணக்கின்படியே தெளிப்பானைத் திறக்கும். பெட்ரோல் அளவிறந்து பாயும். மிகுந்த பெட்ரோல் சிலிண்டர்ச் சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவி, எஞ்சின் எண்ணெயிலும் கலக்கும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சன்றோ! தெளிப்பானின் மின்தடையும் கணினியோடு பொருந்த வேண்டும். ஜப்பானிய, அமெரிக்க சுப்ராக்கள் இதிலும் வேறுபடும். மிகுந்த மின்தடைக்கென அமைந்த மின்சுற்றில் குறைந்த மின்தடையுள்ளதை நேரே இணைத்தால் அச்சுற்றுக் கருகக்கூடும்.

எத்தனால் கலந்த எரிபொருளை நாடுவோர் மேலும் விழிப்புடன் இருத்தல் வேண்டும். அமெரிக்காவில் இ85 என விற்கப்படுவதில் எத்தனால் 51 முதல் 83 விழுக்காடு வரை இருக்கலாம். பெட்ரோலைவிட அது ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு மிகுதியாகத் தேவைப்படுவதால், பம்பு, தெளிப்பான் ஆகியவற்றின் கணக்கை மீண்டும் போட வேண்டும். எத்தனாலைத் தாங்கும் குழாய்களும், அதன் விழுக்காட்டை அளக்கும் உணரியும் தேவை.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் இப்பணியின் ஒழுங்குமுறை புலனாகும். விரும்பும் ஆற்றலை முதலில் வரையறுக்க வேண்டும். பின்னர் கணக்கிட வேண்டும். தொட்டியிலிருந்து தொடங்கித் தெளிப்பான் வரை வழி முழுவதையும் சீர்செய்ய வேண்டும். அதன் பின்னரே டர்போவின் அழுத்தத்தை உயர்த்த வேண்டும். உயர்த்தும்போதும் புகைபோக்கியில் அமைந்த ஆக்சிஜன் உணரியால் கலவையைப் படிப்படியாக அளந்து காணுதல் வேண்டும். குழாய்களைக் கழற்றுமுன் அழுத்தத்தை நீக்குவதும், இணைப்புகளில் கசிவில்லை என உறுதி செய்வதும் உயிரைக் காக்கும் கடமைகள். சூடான எஞ்சின்மேல் சிந்தும் பெட்ரோல் பொறியை மட்டுமன்றி, அதனை ஓட்டுபவரையும் எரிக்க வல்லது.

ஆற்றல் காற்றால் பெருகலாம். அதனைத் தாங்கி நிற்கச் செய்வது அளவறிந்து ஊட்டப்படும் எரிபொருளே. கூட்ட விரும்புவோர் முதலில் ஊட்டக் கற்க வேண்டும் என்பதே நாம் இங்கு வலியுறுத்த விழைவதாகும்.