வீடு தேடி வரும் உணவு

பசி மனிதனுக்குப் புதியதன்று. அதைப் போக்கும் வழிதான் காலத்திற்கேற்ப மாறி வருகிறது. அடுப்படியில் தொடங்கி இலையில் முடிந்த உணவின் பயணம், இன்று கைப்பேசியில் தொடங்கி வாசற்படியில் முடிகிறது. வண்டியில் உணவுப் பையுடன் விரையும் இளைஞர்களைத் தேனி நகரிலும் நாம் காண்கிறோம். இப்பழக்கம் எவ்வாறு வளர்ந்தது, எவ்வாறு இயங்குகிறது, இதனால் யாருக்கு என்ன பயன் என்பதை அறிந்துகொள்வது நமக்கு நன்மை தரும்.

சமைத்த உணவு ஊர்விட்டு ஊர் போவது நமக்குப் புதிதன்று. பொழுது விடியுமுன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்லும் நம் பகுதிப் பெண்கள், பகலுணவைத் தூக்குச் சட்டியில் கொண்டு செல்கின்றனர். மும்பையில் 1890-இல் தோன்றிய டப்பாவாலாக்களோ, வீட்டில் சமைத்ததை அலுவலகத்திற்குக் கொண்டு சேர்க்கின்றனர். அவ்விரண்டிலும் வீட்டுச் சமையல் வெளியே செல்கிறது. இன்றைய முறையில் ஓட்டல் சமையல் வீட்டிற்குள் வருகிறது.

அமெரிக்காவில் 1994-இல் பிட்சா ஹட் நிறுவனம் இணையம் வழியாக உணவு கேட்கும் வசதியைத் தொடங்கியது. நம் நாட்டில் ஓட்டல்களின் உணவுப் பட்டியலைத் தரும் தளமாக 2008-இல் தொடங்கி, 2010-இல் சொமேட்டோ எனப் பெயர் பெற்ற நிறுவனம், 2015 முதல் உணவைக் கொண்டு சேர்க்கலாயிற்று. ஸ்விக்கி 2014-இல் பெங்களூருவில் தோன்றியது. 2020-ஆம் ஆண்டின் கொரோனா ஊரடங்கில் ஓட்டலில் அமர்ந்து உண்ண வழியின்றிப் போகவே, பார்சல் மட்டுமே கிடைத்தது. அப்போது பலரும் இப்பழக்கத்திற்கு வந்தனர்.

இது இயங்கும் முறை எளிது. நாம் செயலியில் உணவைக் கேட்டதும், செய்தி ஓட்டலுக்கும் அருகிலுள்ள விநியோக ஊழியருக்கும் செல்கிறது. அவர் உணவைப் பெற்று நம் வீடு சேர்க்கிறார். நாம் தரும் பணம் எங்கே போகிறது என்பதுதான் கவனிக்கத்தக்கது. ஓட்டல் தன் விலையில் ஒரு பங்கைச் செயலி நிறுவனத்திற்குக் கமிஷனாகத் தரவேண்டும். அது நூற்றுக்கு 25 என்று வைத்துக்கொள்வோம். 120 ரூபாய் பிரியாணியில் 30 ரூபாய் கமிஷனாகப் போனால், மீதி 90 ரூபாயில் அரிசி, கறி, எரிபொருள், ஆள் கூலி அனைத்தும் அடங்க வேண்டும். ஆகவேதான் கடை விலையைவிடச் செயலி விலை பல இடங்களில் கூடுதலாக உள்ளது. இக்கமிஷன் சிக்கலால் நாமக்கல் ஓட்டல் உரிமையாளர்கள் 2025 ஜூலை 1 முதல் இவ்விரு நிறுவனங்களுக்கும் உணவு தருவதை நிறுத்தினர்.

உணவைக் கொண்டு வருபவரின் நிலை என்ன? அவருக்கு மாதச் சம்பளம் இல்லை. ஒவ்வொரு முறைக்கும் தனித்தனிக் கூலி. வண்டியும் பெட்ரோலும் அவருடையவை. மழையும் வெயிலும் அவருக்கே. இவ்வாறு பணிக்குப் பணி கூலி பெறுவோரைக் கிக் தொழிலாளர் என்பர். வாடகைக் கார் ஓட்டுநர் முதலிய பலரையும் சேர்த்து, 2020-21-இல் இத்தகையோர் 77 லட்சம் பேர் என நிதி ஆயோக் மதிப்பிட்டது. இவர்களுக்கெனத் தமிழக அரசு 2023-இல் நல வாரியம் அமைத்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, நிறுவனங்கள் தம் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காடு வரை இவர்கள் நலனுக்குத் தரவேண்டும் என்கிறது.

நன்மைகளையும் மறத்தலாகாது. தனித்து வாழும் முதியோர், நோயாளிக்குத் துணையிருப்போர், வேலை முடிந்து களைத்து வரும் தாய்மார் ஆகியோருக்கு இது பேருதவி. படித்து வேலை தேடும் இளைஞர்க்கும் ஒரு வருவாய். ஆயினும் அவசரத்திற்கு உதவுவது அன்றாடப் பழக்கமானால், எண்ணெயும் உப்பும் மிகுந்த உணவு உடலைக் கெடுக்கும். பிளாஸ்டிக் டப்பாக்கள் தெருவை நிறைக்கும். வீட்டாரோடு கூடி உண்ணும் வேளையும் குறையும்.

ஆகவே நாம் செய்யத்தக்கன சில. நடந்து செல்லும் தொலைவில் கடை இருப்பின், பாத்திரம் கொண்டு சென்று வாங்குவோம். கமிஷனின்றி முழு விலையும் கடைக்காரருக்கே சேரும். செயலியில் கேட்கும்போது, அவ்வுணவகத்திற்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க உரிம எண் உண்டா என்று பார்ப்போம். சற்றுத் தாமதமானால் சினந்து பேசாதிருப்போம்; நம் அவசரம் இன்னொருவரைச் சாலையில் ஆபத்திற்கு உள்ளாக்கலாகாது. வந்தவருக்கு ஒரு குவளைத் தண்ணீரும் ஒரு நன்றியும் தருவோம்.

முல்லைப் பெரியாற்று நீரில் நெல்லும் வாழையும் திராட்சையும் விளையும் பள்ளத்தாக்கில் வாழும் நமக்கு, ஒரு பிடி சோற்றின் பின்னே எத்தனை பேர் உழைப்பு உள்ளது என்பது தெரியும். உழுபவர், நடுபவர், சமைப்பவர் என்ற அவ்வரிசையில், இன்று அதைச் சுமந்து வருபவரும் சேர்ந்துள்ளார். அவரையும் நினைந்து உண்போமாக.