விரல் நுனி உணரும் மின்சாரம்

உலோக உடலுடன் வரும் புதிய மடிக்கணினியை வாங்கியவர்களில் பலர், அதைச் சார்ஜரில் செருகியபடியே பயன்படுத்தும்போது, காரணம் விளங்காத ஓர் உணர்வைக் கவனிக்கின்றனர். மூடியின் மீதோ, தொடுதிட்டின் இருபுறமும் மணிக்கட்டு அமரும் இடத்திலோ உலர்ந்த விரல் நுனியை மெல்ல ஓட்டினால், வழவழப்பாக இருக்க வேண்டிய அலுமினியப் பரப்பு நுண்ணிய உப்புத்தாள்போல் நறநறக்கிறது. விரலை ஓரிடத்தில் நிறுத்தினால் அந்த நறநறப்பு அடங்கிவிடுகிறது. சார்ஜரின் ஒயரைப் பிடுங்கிய நொடியிலேயே பரப்பு பழைய வழவழப்புக்குத் திரும்பிவிடுகிறது. மற்றொரு உள்ளங்கையை உலோகத்தின் மீது நன்றாகப் பதித்துக்கொண்டு அதே விரலால் தடவிப் பார்ப்பவருக்கு ஏறத்தாழ ஒன்றுமே தெரிவதில்லை. இவற்றையெல்லாம் விட விந்தையானது, சார்ஜ் ஆகும் கணினியைத் தொட்டுக்கொண்டிருப்பவரின் முன்கையை அருகில் இருப்பவர் லேசாகத் தடவினால், அந்த நறநறப்பு மனிதத் தோலின் மீதே உணரப்படுவதுதான்.

இதை வாங்கிய கடையில் சொன்னால் ‘அது நார்மல்தான் சார்’ என்ற பதிலும், வீட்டில் பெரியவர்களிடம் சொன்னால் ‘ஷாக் அடிக்குது, தொடாதே’ என்ற எச்சரிக்கையும் கிடைக்கின்றன. இரண்டுமே பாதி உண்மைகள். உணர்பவரோ, தம் நரம்பில் ஏதோ கோளாறு என்றோ, சர்க்கரை நோயின் தொடக்கம் என்றோ அஞ்சுவதும் உண்டு. அந்த அச்சத்துக்கு மட்டும் இங்கே இடமே இல்லை, ஏனெனில் ஒயரைப் பிடுங்கியவுடன் மறையும் உணர்வு நரம்பு நோயாக இருக்க முடியாது.

சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை ஏறத்தாழ 20 வோல்ட் நேர்திசை மின்சாரமாக மாற்றித் தருவது அடாப்டரின் வேலை. இன்றைய அடாப்டர்கள் மின்சாரத்தை ஒரு நொடிக்குப் பல்லாயிரம் முறை துண்டித்து இணைக்கும் ‘ஸ்விட்ச் மோட்’ முறையில் இயங்குவதால்தான் கையடக்கமாகச் சுருங்கியிருக்கின்றன. ஆனால் அந்த வேகமான துண்டிப்பு, வானொலியைக் கரகரக்கச் செய்யக்கூடிய, தொடுதிட்டில் சுட்டியைத் தாறுமாறாகத் துள்ள வைக்கக்கூடிய மின் இரைச்சலையும் கூடவே உண்டாக்குகிறது. அந்த இரைச்சலை அடக்க, வீட்டு மின்சாரம் நுழையும் பக்கத்தையும் கணினிக்குச் செல்லும் பக்கத்தையும் இணைத்து ஒரு சிறிய மின்தேக்கி, அதாவது மின்னூட்டத்தைத் தேக்கி வைத்து மாறுதிசை மின்சாரத்தை மட்டும் ஓரளவு கடத்தும் உறுப்பு, பொருத்தப்படுகிறது. ‘ஒய் மின்தேக்கி’ எனப்படும் இது, பழுதடைந்தாலும் மின்பாதையை இணைத்துவிடாமல் திறந்துகொள்ளும்படி தனி விதிகளுக்கு உட்பட்டுத் தயாரிக்கப்படுவது. இதன் வழியே கணினியின் உடலுக்கு வந்து சேரும் மிகச் சிறிய மின்சாரமே கசிவு மின்னோட்டம்.

அதன் அளவைக் கணக்கிடுவது எளிது. 2.2 நானோஃபாரட் மதிப்புள்ள மின்தேக்கி 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அதிகபட்சம் 0.16 மில்லிஆம்பியரையே கடத்தும். 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் புழங்கும் அமெரிக்காவில் அதே மின்தேக்கி 0.1 மில்லிஆம்பியரோடு நின்றுவிடும். நிலத்தோடு இணைக்கப்படாத கணினியின் உடலுக்கும் நிலத்துக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தால் 100 வோல்ட்டை ஒட்டிய அளவு தென்படுவதும், டெஸ்டரின் முனையை மூடியின் மீது வைத்தால் அதனுள்ளிருக்கும் நியான் விளக்கு மங்கலாக ஒளிர்வதும் இதனால்தான். அந்த எண்ணைக் கண்டு பதற வேண்டியதில்லை, ஏனெனில் உடலைத் தாக்குவது வோல்ட்டின் பெருமை அன்று, உடல் வழியே ஓடும் ஆம்பியரின் அளவே. ஐ.இ.சி. 60950-1 என்ற பன்னாட்டுத் தர விதி, எர்த் இணைப்பு இல்லாத இத்தகைய சாதனங்களுக்கு நெடுங்காலம் 0.25 மில்லிஆம்பியரை வரம்பாக வைத்திருந்தது. மனிதர் உணரத் தொடங்கும் அளவாகப் பொதுவாகக் கொள்ளப்படுவது 0.5 மில்லிஆம்பியர். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் சார்ல்ஸ் டால்சியல் தன்னார்வலர்களைக் கொண்டு நடத்திய ஆய்வுகளில், பிடித்த கம்பியைத் தாமாக விட முடியாமல் தசைகள் இறுகும் அளவு ஆண்களுக்குச் சராசரியாக 16, பெண்களுக்கு 10.5 மில்லிஆம்பியர் எனத் தெரியவந்தது.

அப்படியானால் உணர முடியாத அளவிலுள்ள மின்சாரத்தை விரல் நுனி எப்படி உணர்கிறது? இதற்கான விடை கணினிகளுக்கு வெகு முன்பே ஒரு விளக்கின் பித்தளை ஹோல்டரில் கிடைத்தது. எட்வர்ட் மாலின்க்ரோட் என்ற அமெரிக்க வேதியியலாளர், விளக்கு எரியும்போது அதன் பித்தளைப் பரப்பு, அணைந்திருக்கும்போது இருப்பதைவிடக் குறைந்த வழவழப்புடன் இருப்பதைத் தற்செயலாகக் கவனித்தார். ஹியூஸ், ஸ்லீட்டர் ஆகிய இருவருடன் சேர்ந்து அதை ஆராய்ந்து 1953-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார். மெல்லிய மின்காப்புப் படலம் பூசிய உலோகத்தில் 110 வோல்ட் மாறுதிசை மின்சாரம் இருக்கையில், உலர்ந்த விரல் அதன் மீது நகரும்போது மட்டும் அந்த உணர்வு தோன்றுவதாக அவர்கள் காட்டினர். 1983-இல் நார்வேயைச் சேர்ந்த ஸ்வேர்ரே கிரிம்னஸ் இதை மின் அதிர்வு என்ற பெயரில் மேலும் விளக்கினார்.

விரலின் மேற்புறத்தில் இருப்பது உயிரற்ற செல்களாலான உலர்ந்த அடுக்கு. அது மின்சாரத்தை எளிதில் கடத்தாது. அதன் ஒரு பக்கம் உடலின் ஈரமான, மின்சாரம் கடத்தும் திசு. மறு பக்கம் கணினியின் உலோகம். இடையில் காப்பு வைத்த இரு தகடுகளைப் போல இவ்விரண்டும் எதிரெதிர் மின்னூட்டம் பெற்று ஒன்றையொன்று ஈர்க்கின்றன. மின்சாரத்தின் ஒரு சுழற்சியில் நேர் உச்சத்திலும் எதிர் உச்சத்திலும் ஆக இருமுறை இந்த ஈர்ப்பு கூடுவதால், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் விரலை நொடிக்கு 100 முறை உலோகத்தோடு இழுத்து விடுகிறது. அந்த இழுப்பு மிகவும் சிறியது என்பதால் அசையாத விரலுக்கு அது தெரிவதில்லை; விரல் நகரும்போது உராய்வு நொடிக்கு 100 முறை கூடிக் குறைவதைத்தான் தோலிலுள்ள அதிர்வுணரும் நரம்பு முனைகள் நறநறப்பாகப் படிக்கின்றன. விரல் வியர்த்தால் காப்பு அடுக்கு நனைந்து ஈர்ப்பு தளர்கிறது; மற்றொரு உள்ளங்கை உலோகத்தில் பதிந்திருந்தால் உடலும் கணினியும் ஒரே மின்னழுத்தத்துக்கு வந்துவிடுவதால் விரலுக்கும் உலோகத்துக்கும் இடையே ஈர்ப்புக்கே காரணம் இல்லாமல் போகிறது. அலுமினியத்தின் மீது நிறத்துக்காகவும் கீறல் படாமலிருக்கவும் மின்வேதி முறையில் வளர்க்கப்படும் ஆக்சைடு படலமும் ஒரு காப்புதான் என்பதால், மாலின்க்ரோட்டின் ஆய்வுக்கூட ஏற்பாடு அப்படியே மேசைக்கு வந்துவிட்டது என்றே சொல்லலாம்.

இதைவிடப் பழைய செய்தி ஒன்றும் உண்டு. 1874-இல் எலிஷா கிரே என்ற கண்டுபிடிப்பாளரின் இளம் உறவினர் ஒருவர், சிறு பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்ட, மின்சுருளின் ஒரு கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு மறு கம்பியைத் துத்தநாகத் தகடு பதித்த குளியல் தொட்டியில் இணைத்துத் தகட்டைத் தடவிக்கொண்டிருந்தபோது, சுருளின் அதிர்வுக்கு இணையான சுருதியில் தொட்டி ஒலித்ததை கிரே கேட்டார். அதிலிருந்து இசையைக் கம்பி வழியே அனுப்பும் தந்தியை உருவாக்கிய அவரே, 1876 பிப்ரவரி 14 அன்று தொலைபேசிக்கான உரிமைப் போட்டியில் கிரகாம் பெல்லிடம் பின்தங்கியவர். கண்ணாடித் திரையில் சொரசொரப்பை உணரச் செய்யும் நோக்கில் டிஸ்னி ஆய்வுக்கூடம் 2010-இல் வெளியிட்ட ‘டெஸ்லாடச்’ முறையும் இதே தத்துவத்தில் அமைந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது, உணர்வின் கூர்மையை வைத்து ஆபத்தை எடைபோட முடியாது என்பதே. அத்தனை பேரை அச்சுறுத்தும் இந்த நறநறப்பு தோலுக்கு ஒரு தீங்கும் செய்வதில்லை. யாரும் அஞ்சாத மடிச்சூடோ செய்கிறது. மடிக்கணினியைத் தொடையில் வைத்து மாதக்கணக்கில் விளையாடிய 12 வயதுச் சிறுவன் ஒருவனின் இடது தொடையில் பழுப்பு நிற வலைப்பின்னல் படர்ந்திருந்ததை, சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழக மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவர்கள் 2010-இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ இதழில் பதிவு செய்தனர். கொப்புளம் எழுப்பாத, ஆனால் நாள்தோறும் திரும்பத் திரும்பப் படும் 43 முதல் 47 டிகிரி செல்சியஸ் வரையிலான சூடே இதற்குப் போதும். அடுப்படியில் நெடுநேரம் நிற்பவர்களிடமும், குளிருக்குக் ‘காங்கிரி’ எனும் கனல் சட்டியை உடையினுள் வைத்துக்கொள்ளும் காஷ்மீர் மக்களிடமும் மருத்துவம் முன்பே அறிந்திருந்த நிறமாற்றம் இது. பல்லாண்டுகள் நீடித்தால் அரிதாகப் புற்றுநோயிலும் முடியும். சூட்டின் வரவு மெதுவாகவும் இதமாகவும் இருப்பதால் உடல் அதைப் பற்றி எச்சரிப்பதில்லை. மாறாக, புதுக் கணினியில் சிலர் கேட்கும் மெல்லிய ‘கீ’ ஒலி உள்ளிருக்கும் சுருள்களும் பீங்கான் மின்தேக்கிகளும் நுண்ணியதாக அதிர்வதால் எழுவது. காதுக்கு எரிச்சல் என்பதைத் தாண்டி அதில் பொருட்படுத்த ஏதுமில்லை.

நறநறப்போடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாதது ஊசி குத்துவதுபோன்ற சுருக். கணினியின் கூரான விளிம்பு மணிக்கட்டின் உட்புறத்தில் படும்போது, குறிப்பாக வெறுங்காலுடன் ஈரமான சிமெண்ட் தரையில் இருப்பவருக்கு, அதே கசிவு மின்னோட்டம் மெல்லிய தோலில் ஒரு புள்ளி வழியே முழுவதுமாகப் பாய்கிறது. பரவிப் பாய்கையில் தெரியாத அளவு, ஒரு புள்ளியில் குவிகையில் தெரிந்துவிடுகிறது. டிவி, ஸ்பீக்கர் என எர்த் இல்லாத பிற சாதனங்களும் கேபிளால் இணைந்திருந்தால் ஒவ்வொன்றின் கசிவும் கூடிச் சேரும். தரமான அடாப்டரில் இதுவும் எரிச்சல் அளவோடு முடியும். ஒய் மின்தேக்கிக்குப் பதிலாக மலிவான சாதாரண மின்தேக்கியைப் பொருத்திய போலி அடாப்டரில் அப்படி முடியும் என்பதற்கு உறுதி எதுவும் கிடையாது, ஏனெனில் அந்த மின்தேக்கி பழுதானால் 230 வோல்ட்டும் கணினியின் உடலுக்கே வந்துவிடலாம். ‘நார்மல்தான்’ என்று கடைக்காரர் சொல்லும் பதில் இந்த வேறுபாட்டை மறைத்துவிடுவதால்தான் அது போதாத பதிலாகிறது.

கசிவுக்கு வடிகால் எர்த் இணைப்பு ஒன்றே. பழைய வீடுகள் பலவற்றில் சுவர்ப் பிளக்கின் மேல்துளை பெரிதாக இருந்தும் அதன் பின்னால் கம்பி இருப்பதில்லை. கம்பி இருந்தும், உப்பும் கரியும் இட்ட எர்த் குழி கோடையில் காய்ந்து கிடப்பதால் பயன் தராமல் போவதும் உண்டு. மூன்று பின் அடாப்டரை இரண்டு பின் கன்வெர்ட்டரில் செருகுவது, இருக்கும் எர்த்தையும் அறுத்துவிடும் வழக்கம். 30 மில்லிஆம்பியர் கசிந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் டிரிப்பர் கட்டாயம் இருக்க வேண்டிய கருவிதான் என்றாலும், 0.16 மில்லிஆம்பியர் அதன் கண்ணில் படாது.

எனவே நறநறப்பை உணர்பவர் முதலில் பார்க்க வேண்டியது அடாப்டரில் ஒயர் செருகும் இடம்: அங்கே இரண்டு பின்கள் மட்டும் இருந்து, சதுரத்துக்குள் சதுரம் அச்சிடப்பட்டிருந்தால், அது எர்த் தேவையில்லாமல் இரட்டைக் காப்புடன் தயாரிக்கப்பட்டது, நறநறப்பு அதன் இயல்பு. மூன்று பின்கள் இருந்தால் எர்த் பெரும்பாலும் கணினியின் உடல்வரை செல்லும், நறநறப்பு இருக்கக் கூடாது. அப்போதும் இருக்குமானால், சர்வீஸ் சென்டருக்குக் கணினியைத் தூக்கிச் செல்வதற்கு முன் உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனை அழைத்து வீட்டின் எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். அந்த எர்த்தை நம்பித்தான் குளிர்சாதனப் பெட்டியும் கிரைண்டரும் வாட்டர் ஹீட்டரும் அதே வீட்டில் ஓடிக்கொண்டிருக்கின்றன.