குண்டை விழுங்கிய மண்

மரக்கோட்டை மக்கிப்போனால் அங்கே என்ன மிஞ்சும் என்று வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். மேடும் பள்ளமும்தான். 1066க்குப் பிறகு இங்கிலாந்தில் நார்மானியர்கள் அகழி வெட்டி, வெட்டிய மண்ணையே குன்றாகக் குவித்து, உச்சியில் மரக்கோபுரம் நிறுத்தினார்கள். மரம் போயிற்று, புல் மூடிய குன்றுகள் இன்னும் இருக்கின்றன. நம் பக்கம் புதுக்கோட்டை அருகே பொற்பனைக்கோட்டையிலும் மண்மேடாய்க் கிடக்கும் மதிலையும் அகழியையும் பார்க்கலாம்.

எனக்குப் பிடித்தது கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை. 1801இல் அங்கே நடந்த போரில் இருந்த ஆங்கிலேய அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், 1830இல் வெளிவந்த தன் நினைவுக்குறிப்பில் அளவே தருகிறார்: சுமார் 500 அடிக்கு 300 அடி, மதிலின் உயரம் 12 அடி, முழுக்க மண். அகழிகூட இல்லை, சுற்றிலும் முள்வேலி. இதன்மீதுதான் 1799 செப்டம்பர் 5 அன்று ஆங்கிலேயத் தளபதி பானர்மேனின் படை மோதித் தோற்றது.

கல்மதிலில் பீரங்கிக்குண்டு பட்டால் விரிசல் ஓடும். ஒரு கல் பெயர்ந்தால் மேலே இருப்பதும் சரியும். பசையுள்ள மண்ணோ நசுங்கிக்கொடுத்து வேகத்தை வாங்கிக்கொள்ளும். குண்டு உள்ளேயே புதைந்து நின்றுவிடும். சரிந்த இடத்தை இரவோடு இரவாக அப்பிவிடலாம். முள்வேலியின் வேலை வேறு. பழனி மலையில் எங்கள் கூக்கால் கிராமத்தில் கேரட் பாத்தியைச் சுற்றி முள் அடைக்கிறோமே, காட்டுமாடு நினைத்தால் அதைத் தாண்டாதா? தாண்டும். ஆனால் கொஞ்சம் தயங்கும். அதற்குள் நாம் எழுந்து சத்தம் போட்டுவிடலாம். முள்ளில் சிக்கித் தயங்கிய சிப்பாய்க்கு மதிலிலிருந்து ஈட்டி வந்தது.

பிறகு ஆங்கிலேயர்கள் கட்டபொம்மனைப் பிடித்துத் தூக்கிலிட்டு, கோட்டையையும் இடித்தார்கள். 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய அவர் தம்பி ஊமைத்துரை, சில நாட்களிலேயே மதிலை மீண்டும் எழுப்பிவிட்டார். கல்லில் கட்டியிருந்தால் நடக்கிற காரியமா? மார்ச் 31 தாக்குதலும் தோற்றது. கூடுதல் படையோடு ஆங்கிலேயத் தளபதி அக்னியூ வந்த பிறகு, மே 24 அன்றுதான் கோட்டை விழுந்தது.

இன்று அங்கே போகிறவர்கள் 1974இல் அரசு கட்டிய நினைவுக்கோட்டை முன்னால் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பழைய மண்ணைத் தேடிப் பார்ப்பவர்கள் குறைவு. எங்கள் பழனி மலையின் பழங்காலக் கற்திட்டைகளாவது கல்லாக இருப்பதால் கண்ணில் படுகின்றன. 1928இல் பாதிரியார்கள் ஆங்லேடும் நியூட்டனும் அவற்றைப் பற்றி நூலே எழுதினார்கள். மண்மேட்டுக்கு அந்த யோகம் இல்லை. காட்டேஜ் கட்ட ஜேசிபி வந்தால் அரைநாளில் சமதரை.

உங்கள் ஊரில் சந்தேகமான மேடு இருந்தால் கோடையில், வெயில் சாயும் நேரத்தில் போய்ப் பாருங்கள். லேசான ஏற்றத்துக்கும் நிழல் நீளும். தூர்ந்த அகழியில் வண்டல் ஈரம் பிடித்திருப்பதால், சுற்றிலும் புல் காய்ந்த பிறகும் அந்தக் கோட்டில் மட்டும் பச்சை நிற்கும். அப்படி ஏதும் தென்பட்டால் கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.