நெட் வேகம், ஆபீஸ் ஃபைல் மட்டும் ஏன் ஆமை?

சூலூர் வீட்டிலிருந்தே அமெரிக்க கம்பெனிக்கு வேலை. யூடியூப் தங்குதடையின்றி ஓடுகிறது. கிளவுடில் இருக்கும் எக்செல் ஃபைலைத் திறந்தால் மட்டும் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இத்தனைக்கும் விபிஎன்னில் 'ஸ்பிளிட் டனலிங்' உண்டு: கம்பெனி சர்வருக்குப் போவது மட்டும் சுரங்கப்பாதையில், கிளவுடுக்குப் போவது நேராக இணையத்தில். பிறகு ஏன்?

பெரும்பாலும் டிஎன்எஸ்தான் காரணம். பெயரைச் சொன்னால் முகவரி தரும் சேவை அது. கேள்வி எங்கிருந்து வருகிறதோ, அதற்குப் பக்கத்து வாசலைத்தான் பல கிளவுட் சேவைகள் காட்டும். போக்குவரத்தைப் பிரித்தவர்கள் டிஎன்எஸ்ஸைப் பிரிக்காமல் விட்டிருப்பார்கள். கேள்வி கம்பெனியின் வர்ஜீனியா ஆபீஸ் வழியே போனால் கிடைப்பதும் அமெரிக்க வாசல்தான். மைக்ரோசாப்ட் 2015-லேயே சென்னையில் டேட்டா சென்டர் திறந்தும் பயனில்லை!

கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகும். வர்ஜீனியா வரை சுமார் 14,000 கி.மீ. போய்த் திரும்பவே 140 மில்லிநொடி. கேபிள் சுற்றிப் போவதால் நிஜத்தில் இன்னும் கூடும். ஒரு ஃபைல் திறக்க இப்படிப் பலமுறை போய்வர வேண்டும். பிளானை 100-லிருந்து 300 எம்பிபிஎஸ் ஆக்குவது காசுக்குக் கேடு.

எப்படிக் கண்டுபிடிப்பது? விபிஎன்னைப் போட்டு ஒருமுறை, எடுத்து ஒருமுறை, கிளவுட் சேவையின் பெயருக்கு 'என்எஸ்லுக்கப்' கட்டளை கொடுங்கள். முகவரி வேறானால் டிஎன்எஸ் மேல் சந்தேகம் வலுக்கிறது. அடுத்து, விபிஎன் ஓடும்போதே, போகும் பாதையைக் காட்டும் 'டிரேசர்ட்'. முதல் வரியில் வீட்டு ரௌட்டருக்குப் பதில் விபிஎன் முகவரி வந்தால், சுரங்கப்பாதையிலிருந்து விலக்க வேண்டிய முகவரிகளின் பட்டியல் பழசாகியிருக்கலாம்.

இரண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஐடி டீமுக்கு அனுப்புங்கள். 'ஸ்லோவா இருக்கு' என்று மட்டும் எழுதினால், ரௌட்டரை ஆஃப் செய்து ஆன் செய்யத்தான் சொல்வார்கள்.