கல்லீரல் அறுவைக்குப் பின் புற்றுநோய் மீளும் அபாயம்: ஃபாங் மதிப்பெண்

பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் பரவும்போது பெரும்பாலும் முதலில் சென்று தங்கும் உறுப்பு கல்லீரல் ஆகும். குடலிலிருந்து திரும்பும் இரத்தத்தின் பெரும்பகுதி போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலுக்குள் செல்வதே இதற்கு முக்கியக் காரணம். கல்லீரல் மறுபடி வளரக்கூடியது என்பதால் கட்டியுள்ள பகுதியை வெட்டி நீக்க முடிகிறது. எனினும் இந்த அறுவை செய்துகொண்டோரில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் மீண்டும் வருகிறது. யாருக்கு அந்த அபாயம் மிகுதி என்று அறுவைக்கு முன்பே கணிக்க உதவுவது ஃபாங் மதிப்பெண்.

நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் 1985 முதல் 1998 வரை கல்லீரல் அறுவை செய்துகொண்ட 1001 பேரின் பதிவுகளை ஆராய்ந்து, அறுவை மருத்துவர் யூமன் ஃபாங் குழுவினர் 1999இல் இதை வெளியிட்டனர். இதில் ஐந்து கேள்விகள் உண்டு. குடலில் தோன்றிய புற்று அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருந்ததா? அதற்கும் கல்லீரல் கட்டி தெரிந்ததற்கும் இடைவெளி 12 மாதங்களுக்குக் குறைவா? கல்லீரலில் ஒன்றுக்கு மேற்பட்ட கட்டிகள் உள்ளனவா? பெரிய கட்டி 5 செ.மீ.க்கு மேலா? இரத்தத்தில் சி.இ.ஏ. என்னும் புரதம் ஒரு மி.லி.க்கு 200 நானோகிராமுக்கு மேலா? 'ஆம்' என்ற ஒவ்வொரு விடைக்கும் ஒரு மதிப்பெண். பள்ளித் தேர்வுக்கு நேர்மாறாக, இங்கே குறைந்த மதிப்பெண்ணே நல்லது.

ஒருவருக்கு நிணநீர்க் கணுவில் நோய் இருந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்துக் கல்லீரலில் 3 செ.மீ. அளவில் இரு கட்டிகள் தெரிந்தன, சி.இ.ஏ. 40 என்று வைத்துக்கொள்வோம். அவர் பெறுவது 2.

அந்த ஆய்வில் 0 பெற்றவர்களில் 60 விழுக்காட்டினர் ஐந்தாண்டுகள் உயிருடன் இருந்தனர். 1 பெற்றோரில் இது 44, 2 பெற்றோரில் 40; 3 என்றதும் 20 ஆகச் சரிகிறது. ஆனால் 4 பெற்றோரில் 25! அப்பிரிவில் 80 பேரே இருந்ததால் வந்த ஏற்ற இறக்கமாகவே இதைக் கொள்ள வேண்டும். 5 பெற்றோர் வெறும் 14 பேர். இவை உயிர்வாழ்வு விகிதங்கள். நோய் மீளாதோரின் விகிதங்கள் அல்ல. நோய் மீண்டு, மறுபடி சிகிச்சை பெற்று வாழ்வோரும் இவற்றில் அடங்குவர். பலரும் இங்கேதான் தவறாகப் படிக்கின்றனர்.

மேலும், இம்மதிப்பெண் ஒரு கூட்டத்தைப் பற்றிப் பேசுகிறது. தனி நோயாளியைப் பற்றி உறுதி கூறுவதில்லை. 3க்கு மேல் வந்தால் அறுவை வீண் என்றும் பொருளில்லை. கீமோதெரபியையும் தொடர் கண்காணிப்பையும் திட்டமிடவே அது உதவுகிறது. வெட்டிய விளிம்பில் புற்றணுக்கள் எஞ்சியுள்ளனவா என்பது அறுவைக்குப் பிறகே தெரியும் என்பதால் அது கணக்கில் சேரவில்லை. இன்று கட்டியின் ராஸ் மரபணு மாற்றமும் சேர்த்துப் பார்க்கப்படுகிறது. அறுவைக்குப் பின் இரத்தத்தில் புற்றுக்கட்டியின் டி.என்.ஏ. தென்பட்டால், நோய் மீளும் வாய்ப்பு மிகுதி.

அதே மையத்தினர் 2007இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வின்படி, ஐந்தாண்டு கடந்தவர்களிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் பின்னர் இந்நோயால் இறந்தனர். பத்தாண்டு கடந்தவர்களோ பெரும்பாலும் குணமடைந்தவர்களாகவே காணப்பட்டனர்.