பேஸ் பழக ஒரு சின்னப் பெட்டி

பேஸ் கிட்டார் தானாக ஒலிக்காத வாத்தியம். வீணைக்குக் குடம் உண்டு. சாதா கிட்டாருக்குக் கூடான வயிறு உண்டு. பேஸ் கிட்டாரின் உடலோ வெறும் கட்டை. மீட்டினால் மீட்டுபவர் காதுக்கு மட்டும் ஒரு முணுமுணுப்பு எட்டும். கம்பியின் அசைவைக் காந்தச் சுருள் மின்சாரமாக்கி, ஆம்ப் அதைப் பெருக்கி, ஸ்பீக்கர் காற்றை அசைத்த பிறகுதான் அது சங்கீதம். ஆக, வாத்தியத்தின் பாதி அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. ஆனாலும் கிட்டாரின் நிறத்துக்கும் வடிவத்துக்கும் ஒரு மாதம் யோசிப்பவர்கள், கையில் மிஞ்சிய பணத்துக்கு எந்தப் பெட்டி வருமோ அதை ஐந்து நிமிடத்தில் வாங்கிவிடுகிறார்கள்.

பேஸுக்குத் தனி ஆம்ப் வேண்டும் என்பது வாத்தியம் பிறந்தபோதே தெரிந்த சங்கதி. கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் 1951-ல் பிரிசிஷன் பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டே அதற்கென்று பேஸ்மேன் என்ற ஆம்பும் வந்தது. எலக்ட்ரிக் கிட்டாருக்கான ஆம்புகள் அந்தக் கீழ் ஒலியைத் தாங்காது என்பதே காரணம். பின்னாளில் அந்த பேஸ்மேன் பேஸ் வாசிப்பவர்களைவிட எலக்ட்ரிக் கிட்டார்காரர்களிடம் அதிகப் பேர் வாங்கியது. 1960-களின் தொடக்கத்தில் லண்டனில் ஜிம் மார்ஷல் தம் முதல் ஆம்பைச் செய்தது அதைப் பார்த்துத்தான். பேஸ் ஆம்பில் கிட்டார் வாசிக்கலாம், கிட்டார் ஆம்பில் பேஸ் வாசிப்பது சிரமம் என்ற ஒருவழிப் பாதைக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

பேஸின் நான்கு கம்பிகள் தடித்ததிலிருந்து தொடங்கி ஈ, ஏ, டி, ஜி. வெறும் கம்பியாக மீட்டும்போது அவை நொடிக்கு முறையே 41, 55, 73, 98 முறை அதிரும். சாதா கிட்டாரின் மிகத் தடித்த கம்பி 82 முறை அதிரும்; அதாவது பேஸ் அதற்கு ஒரு ஸ்தாயி கீழே. ஒரு ஸ்தாயி இறங்கினால் என்ன வந்துவிடும் என்று தோன்றலாம். அதே ஸ்பீக்கர் அதே சத்தத்தை ஒரு ஸ்தாயி கீழே கொடுக்க வேண்டுமானால், அதன் கூம்பு முன்னும் பின்னும் நான்கு மடங்கு தூரம் போய்வர வேண்டும். மெல்லிய காகிதக் கூம்பு அந்த ஓட்டத்துக்குப் பழகியதல்ல. முதலில் கரகரக்கும், விடாமல் ஓட்டினால் ஓரம் கிழியும், அல்லது உள்ளிருக்கும் சுருள் உரசும்.

இந்தக் கணக்கைப் புதுக்கோட்டைக்காரர்களுக்கு வேறு விதமாகச் சொல்லலாம். கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர் என்று சொல்லப்படும் மான்பூண்டியா பிள்ளையும், அவருடைய சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளையும் (1875–1936) வளர்த்த லய மரபு இந்த ஊர்ப் பெயரால்தான் அறியப்படுகிறது. பழகுவோர் ஆம்பில் இருக்கும் எட்டு இன்ச் ஸ்பீக்கர் ஏறக்குறைய கஞ்சிரா அகலம். ஒரு கையில் அடங்கும் கஞ்சிராவிலிருந்து கீழ் ஒலி எப்படி வருகிறது? வித்வான் தோலின் பின்புறம் தண்ணீர் தெளிக்கிறார். தோல் கனத்து, தளர்ந்து, மெதுவாக அதிர்கிறது. மிருதங்கத்தின் தொப்பியில் ரவைப் பசை அப்புவதும் இதே காரியம்தான். மெதுவான அதிர்வுக்குக் கனம் வேண்டும், அல்லது தளர்ச்சி வேண்டும்.

ஸ்பீக்கர் செய்பவரும் அதையே செய்கிறார். பேஸ் ஸ்பீக்கரின் கூம்பு கனமானது, விளிம்பு இளக்கமானது, பெரும்பாலும் பெட்டி பின்னால் மூடியிருக்கும், அல்லது அளந்து வெட்டிய ஒரு துளை இருக்கும். ஆனால் இதற்கு விலை உண்டு. கனமான கூம்பை அசைக்க அதிக மின்சாரம் வேண்டும். சின்னப் பெட்டி, ஆழமான கீழ் ஒலி, குறைந்த வாட்டில் நிறையச் சத்தம் ஆகிய மூன்றில் இரண்டைத்தான் எந்தப் பெட்டியும் தரும். மூன்றும் தருவதாக அட்டையில் அச்சிட்டிருந்தால் அட்டையை நம்ப வேண்டாம்.

எட்டு இன்ச் பெட்டியில் 41 ஹெர்ட்ஸ் உண்மையில் பேருக்குத்தான் வருகிறது. ஆனாலும் ஈ கம்பி ஈ கம்பியாகத்தான் கேட்கிறது. கம்பி 41-ல் மட்டும் அதிர்வதில்லை. கூடவே 82, 123, 164 என்று அதன் மடங்குகளிலும் அதிர்கிறது. ஸ்பீக்கர் அந்த மேல் ஒலிகளைத் தந்துவிட்டால், விட்டுப்போன அடிச் சுரத்தை மூளை தானே இட்டு நிரப்பிக்கொள்ளும். கைப்பேசியின் பொத்தான் அளவு ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டின் பேஸ் வரி பிடிபடுவதும் இதனால்தான். எனவே வீட்டில் பழகும் ஆம்பிடம் தரை அதிரும் கீழ் ஒலியை எதிர்பார்ப்பது வீண். கேட்க வேண்டியது தெளிவு: விரல் எங்கே தப்பியது, சுரம் எங்கே சீக்கிரம் அறுந்தது, மீட்டாத கம்பி எங்கே முனகியது என்று காட்ட வேண்டும். தப்பை மறைக்கும் பெட்டி பழகுபவருக்கு ஆகாது.

இந்த இடத்தில்தான் பலரும் வழுக்குகிறார்கள். பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் ‘பேஸ்’ என்று எழுதிய திருகைக் கடைசி வரை திருப்பிவிடுவார்கள். வாசிப்பது பேஸ், திருகின் பெயரும் பேஸ். அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் சின்னக் கூம்பால் கொடுக்க முடியாத இடத்தில் போய் மேலும் கேட்பதால் அது பொதபொதவென்று உளறும். அந்தத் திருகைப் பாதிக்குக் கீழே இறக்கி, ‘மிட்’ திருகைக் கொஞ்சம் ஏற்றினால் சுரம் ஒவ்வொன்றும் தனித்து நிற்கும். நடுத் திருகு இல்லாமல் பேஸ், ட்ரெபிள் இரண்டு மட்டும் உள்ள ஆம்பைத் தவிர்ப்பது நல்லது. பத்து வித எஃபெக்ட் இருக்கிறது என்று கடைக்காரர் அடுக்கினாலும் அந்த ஒரு திருகுக்கு ஈடாகாது.

அடுத்தது வாட். இரண்டு மடங்கு வாட் என்றால் இரண்டு மடங்கு சத்தம் என்று நினைப்பது தவறு. 10 வாட்டை 20 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல். காதுக்குச் சற்றே கூடியதாகத் தெரியும். சத்தம் இரட்டிப்பாகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். அதனால் 15 வாட் பெட்டிக்கும் 25 வாட் பெட்டிக்கும் உள்ள நிஜமான வித்தியாசம் பெரும்பாலும் ஸ்பீக்கரிலும் பெட்டியின் கட்டிலும் இருக்கிறது, எண்ணில் இல்லை. மலிவுப் பெட்டிகளில் பி.எம்.பி.ஓ. என்று ஆயிரக்கணக்கில் போட்டிருப்பார்கள். ஒரு காலத்தில் வீட்டு டேப்ரிக்கார்டர்களை விற்ற அதே கணக்கு. அது எதையும் அளப்பதில்லை. ஆர்.எம்.எஸ். என்று போட்டிருப்பதை மட்டும் பார்த்தால் போதும்.

வீட்டு அறைக்கு 10 முதல் 30 வாட் தாராளம். இந்த அளவில் ஃபெண்டர் ரம்பிள் 25, ஆம்பெக் பி.ஏ.108, ஆரஞ்ச் கிரஷ் பேஸ் 25, லேனி ஆர்.பி.1 எல்லாமே எட்டு இன்ச் ஸ்பீக்கர் கொண்டவை. ஹார்ட்கி எச்.டி.15-ல் ஆறரை இன்ச். கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால் பத்து இன்ச் ஸ்பீக்கருள்ள 40 வாட் ரகத்துக்குப் போவது வாட்டைக் கூட்டுவதைவிட உருப்படியான ஏற்றம். கூம்பின் பரப்பே பாதிக்கு மேல் கூடிவிடுகிறது. டிரம்ஸ் செட்டோடு சேர்ந்து வாசிக்க இவை எதுவும் போதாது. அதற்கு நூற்றுக்கணக்கில் வாட் வேண்டும். கஹோன் என்ற தாளப் பெட்டியோ தபலாவோ பக்கத்தில் இருந்தால் 40 வாட் தாக்குப்பிடிக்கும்.

ஆனால் மேடைக்காக வீட்டு ஆம்பைப் பெரிதாக வாங்குவது தேவையற்ற செலவு. புதுக்கோட்டை வட்டாரத்துத் திருவிழா மேடையானாலும், மெல்லிசைக் குழுவானாலும், தேவாலயப் பாடகர் குழுவானாலும் கூட்டத்துக்குப் பேஸைக் கொண்டுபோவது மைக்செட்காரரின் பெட்டிகள்தான். பேஸ் கிட்டாரின் ஒயர், ஒலியை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றித்தரும் டி.ஐ. பெட்டி வழியாக மிக்ஸருக்குப் போய்விடும். வாசிப்பவர் பக்கத்தில் இருக்கும் ஆம்ப் அவர் காதுக்கு மட்டும். அதனால் ஆம்பின் பின்னால் ‘லைன் அவுட்’ என்ற துளை இருக்கிறதா என்று பார்ப்பது இன்னொரு நூறு வாட்டைவிடப் பயன் தரும். கிட்டாரை நேராக மிக்ஸரின் லைன் துளையில் செருகினால் ஒலி மங்கிப்போகும். பேட்டரி இல்லாத சாதாரண பேஸின் காந்தச் சுருளுக்கு எதிரே பத்து லட்சம் ஓம் அளவு தடை வேண்டும். லைன் துளையில் இருப்பது பெரும்பாலும் பத்தாயிரம் சொச்சம்தான்.

ஹெட்போன் துளை இல்லாத பழகு ஆம்ப் வாங்கவே கூடாது. கீழ் ஒலி சுவருக்குக் கட்டுப்படாது. ஓட்டு வீட்டில் வாசித்தால் பக்கத்து வீட்டுக்குப் பாட்டு கேட்காது, திம் திம் மட்டும் கேட்கும். பாட்டில்லாத திம் திம்மை எந்தப் பக்கத்து வீடும் பொறுக்காது. ஹெட்போனில் இன்னொரு லாபமும் உண்டு. எட்டு இன்ச் ஸ்பீக்கர் தராத 41 ஹெர்ட்ஸை நல்ல ஹெட்போன் தந்துவிடும். அது ஒயருள்ளதாக இருக்க வேண்டும். புளூடூத் ஹெட்போனில் மீட்டியதற்கும் கேட்பதற்கும் இடையே நொடியில் பத்தில் ஒரு பங்கு, சமயத்தில் அதற்கும் மேல், தாமதம் விழும். தாளம் பழகுபவருக்கு அது விஷம்.

பாட்டோடு சேர்ந்து வாசிக்கக் கைப்பேசியைச் செருகும் ‘ஆக்ஸ்’ துளை வேண்டும். தமிழில் பேஸ் பழகுபவருக்குப் பாடப் புத்தகம் சினிமாப் பாட்டுதான். இளையராஜாவின் பாடல்களில் சசிதரனும், ஏ.ஆர். ரகுமானின் பாடல்களில் கீத் பீட்டர்ஸும் வாசித்த வரிகளைக் கேட்டு எடுப்பதே பலருக்கும் முதல் பயிற்சி. கைப்பேசியில் ஒயர் துளை மறைந்துவருவதால் புளூடூத் உள்ள ஆம்புகள் வருகின்றன. இங்கே தாமதம் கெடுதல் இல்லை. பாட்டு முழுவதும் ஒரே அளவு தாமதமாக வருகிறது. வாசிப்பவர் காதில் விழும் பாட்டோடு சேர்கிறார், அவ்வளவுதான்.

வீட்டில் ஏற்கெனவே ஏதாவது பெட்டி இருந்தால்? கீபோர்டு ஆம்ப் நன்றாகவே ஒத்துழைக்கும். கிட்டார் ஆம்பில் வால்யூமை அடக்கி வாசித்தால் ஒன்றும் ஆகாது. கரகரத்த கணமே குறைக்க வேண்டும். ஹோம் தியேட்டரில் நேராகச் செருகுவது சரிப்படாது.

மின்சாரம் தனிக் கதை. இந்தியாவில் வரும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் இரைச்சல், ஈ கம்பியின் மூன்றாம் ஃப்ரெட்டில் ஒலிக்கும் ஜி சுரத்துக்கு (49 ஹெர்ட்ஸ்) ஒட்டி நிற்கிறது. அதனால் எர்த் சரியில்லாத வீட்டில் ஆம்ப் எப்போதும் ஒரு சுருதி பிசகிய ஜியை முனகிக்கொண்டே இருக்கும். மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை ஒடித்துவிட்டால் இரைச்சல் அடங்குகிறது என்று யாராவது யோசனை சொன்னால் கேட்கக் கூடாது. கம்பியில் கை வைத்திருப்பவர் உயிரோடு விளையாடுவது அது. மலிவான இன்வெர்ட்டரில் ஓடும்போது இரைச்சல் கூடினால் பழுது ஆம்பில் இல்லை.

புதுக்கோட்டை மாவட்டத்தில் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளில் ஆள் இல்லாத ஊர் குறைவு. அங்கிருந்து மாமாவோ அண்ணனோ வாங்கிவரும் ஆம்ப் இங்கே பெரும்பாலும் அப்படியே ஓடும். சிங்கப்பூர், மலேசியா, துபாய்ப் பிளக்கின் தட்டைக் கால்களுக்கு மாற்றுப் பிளக் மட்டும் வேண்டும். அமெரிக்காவிலிருந்து வந்தது என்றால் பின்புறம் என்ன வோல்ட் போட்டிருக்கிறது என்று பார்க்காமல் செருகக் கூடாது. 120 வோல்ட் பெட்டியில் 230 வோல்ட் பாய்ந்தால் வாசிப்பதற்கு முன்பே புகை வரும்.

கடையில் வாசித்துப் பார்த்து வாங்குவதற்குப் புதுக்கோட்டையிலிருந்து 50 கிலோமீட்டர் சொச்சத்தில் திருச்சி இருக்கிறது; 1842-ல் மிஸ்க்வித் கம்பெனியாகத் தொடங்கிய மியூசி மியூசிகல் போன்ற பழைய கடைகள் சென்னையில் உண்டு. தன் கிட்டாரையே கொண்டுபோக வேண்டும். கடை கிட்டாரில் கேட்டது வீட்டில் வராது. எல்லாத் திருகையும் நடுவில் வைத்து, ஈ கம்பியை மெதுவாகவும் பிறகு அழுத்தியும் மீட்ட வேண்டும். பிறகு முதல் ஃப்ரெட்டிலிருந்து பன்னிரண்டு வரை ஒவ்வொன்றாக ஏறினால், ஏதோ ஒரு சுரத்தில் மட்டும் பெட்டியின் பலகையோ முன் வலையோ கிணுகிணுக்கலாம். அது கடை அலமாரியின் அதிர்வா, பெட்டியின் அதிர்வா என்று பெட்டியைத் தரையில் இறக்கி வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

பழைய ஆம்ப் என்றால் திருகுகளை முழுதாக ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் பக்கத்து உப்புக் காற்றில் இருந்த பெட்டியானால் ‘கர்’ என்ற சத்தம் வருவது வழக்கம். அது துடைத்தால் போகும். கூம்பின் இரு பக்கமும் விரல்களைப் பரப்பி வைத்து மெல்ல உள்ளே அழுத்தும்போது உரசினால் சுருள் கெட்டிருக்கிறது, வாங்க வேண்டாம்.

வீட்டில் ஆம்பைத் தரையில் மூலையோரம் வைத்தால் கீழ் ஒலி ஊதிப்போய்க் கேட்கும், முழங்காலுக்குத்தான் தெளிவாகக் கேட்கும். முக்காலி மேல் ஏற்றி, சுவரிலிருந்து ஓரடி தள்ளி, காதைப் பார்த்துச் சாய்த்து வைத்தால் அதே பெட்டி வேறு பெட்டியாகிவிடும். அலமாரியில் அடுக்கிய எவர்சில்வர் டம்ளர் ஏதாவது ஒரு சுரத்துக்கு மட்டும் கூடவே பாடினால், மாற்றி வைக்க வேண்டியது டம்ளரை.